இப்போ நிக்கும்

அன்பும் அதட்டலும் ஒருங்கே வாய்த்த அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் இவரும் நலமாக இருக்கிறோம். அங்கே மகன் வீட்டில் நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ விட்டுப்போன காரின் நலத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருப்பதால் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "இடிச்சிட்டியா?" என்று கேட்பாய், நான் ஆமாம் என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஏன் இடித்தேன் என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும். அதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு வீணாகக் கூடாது.

முதலில் இவருடைய கண். பக்கப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். "நேராத்தானே டாக்டர் ஓட்டப்போறேன், பக்கத்துல எனக்கு என்ன வேலை?" என்று இவர் கேட்டார். டாக்டர் பதில் சொல்லாமல், இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டாக்டர் பார்த்தது இவருக்குத் தெரிந்தது, நான் தலையாட்டியது தெரியவில்லை. இவர் வேலை பார்க்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமோ ஊருக்கு வெளியே, பஸ் திரும்பிப் போய்விடுகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது. ஆய்வறையில் தண்ணீரைச் சோதிக்க நேர்ப்பார்வை போதும், அங்கே போய்ச் சேரத்தான் பக்கப் பார்வை வேண்டும். தினமும் வாடகைக் காரில் போய்வந்தால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். ஆக, நான் ஓட்டக் கற்றுக்கொண்டால் இவருக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சும்மா நிற்கிற காரை விற்றுவிடட்டுமா என்று நீ கேட்டதும், கொஞ்சம் பொறு என்று நான் சொன்னதும் இதனால்தான். "உனக்கு வராதுடி. நீ யோசிச்சிட்டே இருப்ப, வண்டி போயிட்டே இருக்கும்" என்றாய். உன் கணிப்பைக் கேட்டு வருத்தப்பட்டேன். இப்போது அதன் துல்லியத்தை நினைத்து வருத்தப்படுகிறேன்.

ஓட்டுநர் பள்ளியில் எனக்கு அமைந்த ஆசிரியர் நல்ல மனிதர், சத்தம் போடாதவர். முதல் நாளே, "கை காலால ஓட்டறது எல்லாருக்கும் வந்துரும் மேடம். அடுத்து என்ன நடக்கும்னு முன்னாடியே யோசிக்கறதுதான் டிரைவிங். நீங்க என்ன நெனைக்கறீங்களோ அதை வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார். எனக்காகவே ஏற்பட்ட பாடம் என்று மகிழ்ந்தேன். அதோ அந்த சைக்கிள் திரும்பும் என்பேன், திரும்பும். அந்தப் பையைத் தூக்கிப் போகிறவர் சாலையைக் கடப்பார் என்பேன், கடப்பார். திருப்பத்தில் பிரேக்கில் கால் வைத்து, "இப்போ நிக்கும்" என்பேன், கார் நிறுத்தக் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கூடப் போகாமல் நிற்கும். ஆசிரியர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். நான் எவ்வளவு முன்னேறியிருந்தால் அவர் இப்படி நிம்மதியாக வேடிக்கை பார்ப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

இது கர்வமோ என்ற சந்தேகமும் எனக்கு வந்தது. நீ என்னை அறிவாய், சோதிக்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை நான். பெயிண்ட் ஆலையில் இத்தனை வருடமாக நிறம் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிற பெண்களிடம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இல்லாவிட்டால் எதனால் எது ஆனது என்று தெரியாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது. அதே முறைப்படி ஒருநாள் வேண்டுமென்றே பிரேக்கைப் பாதிதான் அழுத்தி, "இப்போ நிக்கும்" என்றேன். நின்றது. அடுத்த நாள் சும்மா தொட்டுவிட்டுச் சொன்னேன். நின்றது. பிரேக்கை மென்மையாகத் தொட்டாலே போதும் என்பது நிரூபணமாயிற்று. லைசென்ஸ் தேர்வின்போது ஆசிரியர் பின்னால் உட்கார்ந்தார், அவருடைய இடத்தில் அதிகாரி உட்கார்ந்தார். அப்போதும் நின்றது. ஆளை மாற்றியும் முடிவு மாறவில்லை என்றால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும் சொல்.

மறுநாள் காலை உன் காரை எடுத்தேன். இவர் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். வாசலைத் தாண்டியதும் எதிர்வீட்டுச் சுவர். சுவரை ஒட்டி எதிர்வீட்டுக்காரர் வரிசையாக ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறார். அங்கே நிறுத்தித் திருப்ப வேண்டும். பிரேக்கை மென்மையாகத் தொட்டு, "இப்போ நிக்கும்" என்றேன்.

தொட்டிகள் போன பிறகு சுவரில் நின்றது.

எஞ்சினை அணைத்தேன். பிறகு இவர், "நிக்கும்னு சொன்னியே" என்றார்.

"சொன்னேன்."

"நிக்கலையே."

"நிக்கல."

"நான்கூட அழுத்தினேனே" என்றார்.

குனிந்து பார்த்தேன். இவருடைய வலது கால் வெறும் தரைவிரிப்பை இன்னமும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு ஆசிரியரின் கால் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து ஆசிரியருக்குப் போன் போட்டேன்.

"சார், உங்க ஸ்கூல் கார்ல உங்க பக்கமும் பிரேக் இருக்கா?"

"இருக்கு மேடம். எல்லா ஸ்கூல் வண்டியிலயும் இருக்கும்."

"நீங்க அதை அழுத்துவீங்களா?"

"சில சமயம்."

"எந்தச் சமயம்?"

"நீங்க 'இப்போ நிக்கும்'னு சொல்றப்போ. என்கிட்டத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"டெஸ்ட் அன்னைக்கு ஆபீசர் உக்காந்திருந்தாரே?"

"அவருக்கும் குடும்பம் இருக்குல்ல மேடம்."

இதற்குள் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, மண்ணையும் ரோஜாவையும் பார்த்து, "நான் அப்பவே நெனச்சேன், இந்தம்மா வண்டி எடுத்தா நம்ம சுவருக்குத்தான் வரும்னு" என்றார். "அப்படின்னா தொட்டியை ஏன் சார் நகர்த்தி வைக்கல?" என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் உள்ளே போய்த் தன் மனைவியை அழைத்துவந்து, "நான் சொன்னேனா இல்லையா?" என்றார். அந்த அம்மா, "என்கிட்ட நீங்க எதுவும் சொல்லல" என்று சொல்லிவிட்டு ரோஜாவைப் பொறுக்கப் போய்விட்டார்.

உன் காரின் முன்பக்கம் அந்தச் சுவரின் நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, சுவரில் உன் கார் நிறம் இருக்கிறது. புதிய தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, சுவரில் பட்ட இடத்துக்கு மட்டும் நானே வண்ணம் பூசினேன். ஈரத்தில் வெளுப்பாகத்தான் தெரியும், காய்ந்தால் ஒரு படி கறுத்துச் சரியாக வரும் என்றேன். அப்படியே வந்தது. அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருப்பதால் இப்போது மிச்சச் சுவர் முழுவதும் அழுக்காகத் தெரிகிறது என்கிறார் எதிர்வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன். சுவரைப் பார்த்து நின்று யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. ஆலையில் என் கணிப்பு சரியாக வருவது, அது எத்தனையோ முறை தப்பாக வந்து நான் திட்டு வாங்கிய பிறகுதான். காரில் ஒருமுறைகூடத் தப்பவில்லையே என்று நான் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஆசிரியருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வேலையை விட்டுடறேன். எத்தனை நாள்தான் தண்ணியைப் பாத்துட்டே இருக்கறது" என்றார். லீவு போட்டு வீட்டில் இருக்கிறார். நேற்று சமையலறைக் குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்து நின்றது இவருக்குத் தெரியவில்லை. நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகையால் நிதானமாக யோசித்து எழுதுகிறேன். நீ சொன்னதுதான் சரி. எனக்கு ஓட்ட வராது. காரை விற்றுவிடு. முன்பக்கம் அடிபட்டதை வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம், எப்படிப் பட்டது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லலாம்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். மூட்டு வலிக்கு நடக்கச் சொல்லு, நடக்கிறேன் என்று அவர் சொல்வதை நம்பாமல் செருப்பைப் பார். பேரக்குழந்தை நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழட்டும். எல்லோருக்கும் எங்கள் இருவரின் அன்பு.

என்றும் உன் சொல் கேட்கும்
தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு வைத்திருந்தபோது, மனசு கேட்காமல் ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரைப் பள்ளிக் காரில் உட்காரவைத்து, "வேற எதையும் மாத்த வேணாம் சார். காலை மட்டும் மடக்கிச் சம்மணம் போட்டுக்குங்க" என்றேன். போட்டுக்கொண்டார். முகம் வெளிறிப்போனாலும் காலை இறக்கவில்லை. முதல் நாள் கோட்டைத் தாண்டிப் போனேன். அடுத்த நாளும் தாண்டினேன், கொஞ்சமாக. எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்று என் காலுக்கே தெரிகிறவரைக்கும் அவரை இறங்க விடவில்லை. இன்று காலை இவரை உன் காரில் ஏற்றிக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இவர் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே வந்தார். நிலையத்தின் கேட்டுக்கு முன்னால் அலுங்காமல் கார் நின்றது. இவர் உடனே இறங்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாத்தியா, நான் அழுத்தினதும் டக்குனு நிக்குது. அன்னைக்கு நான்தான் சரியா அழுத்தலபோல" என்றார். எட்டி இவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. சாயங்காலம் கூப்பிடப் போகும்போது இவரையும் சம்மணம் போடச் சொல்ல வேண்டும். காரை விற்காதே.