ஊட்டுக்கு வாரேன்

கண்ணையா ஒரு முடிவெடுத்துட்டான். அவன் முடிவெடுத்தான்னாலே அந்த முடிவுக்கு ஆயுசு கம்மின்னு மதுக்கரை லைன் வீடு பூராத் தெரியும். ஆனா இந்தத் தடவை அவன் எடுத்தது சாதாரண முடிவில்ல. இனிமே தன்ற ஊட்டுல எல்லாமே போனு டூலு. அதும் ஓசி டூலு.

எல்லாம் போனுல பாத்த வீடியோ பண்ணுன வேல. ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கிட்டு, ‘பைசாச் செலவில்லாம உங்க வாழ்க்கைய மாத்துங்க’ன்னு சொல்லிப்போட்டான். கண்ணையாவுக்கு ‘வாழ்க்கைய மாத்துங்க’ காதுல உழுகல. ‘பைசாச் செலவில்லாம’ மட்டும் உழுந்துச்சு.

குறிச்சி சிட்கோவுல ஒரு பம்பு கம்பெனில மோட்டாருக்குக் காயில் சுத்தறதுதான் அவனுக்கு வேல. பகல் பூராக் கம்பியச் சுத்துவான். பொழுதோட ஊட்டுக்கு வந்து காதுல பூச்சுத்துவான். பூ பூராவும் பொண்டாட்டி காதுக்குத்தான்.

பொண்டாட்டி பேரு சண்முகப்ரியா. முன்னறையில மிஷினப் போட்டு ஜாக்கெட்டுத் தெக்கறா. டிசைன் காட்டறதுக்கு ஒரு பழைய லேப்டாப்பும் பக்கத்துல இருக்கும். ஆளு அதிகம் பேச மாட்டா. பேசுனா கடைசில ஒரு ‘ங்க’ போடாம நிறுத்த மாட்டா. அந்த ‘ங்க’ இருக்குதே, அது மெத்தைக்குள்ள மறந்து வெச்ச ஊசியாட்டம். உக்காரும்போது மெத்துன்னுதான் இருக்கும்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஊட்டி. கண்ணாலமான புதுசுல கூட்டிட்டுப் போறேன்னு கண்ணையா வாயக் குடுத்துப்போட்டான். ஒரு வருசம் மழைன்னான். அடுத்த வருசம் மண்சரிவுன்னான். அப்புறம் கொரங்கு கடிக்குதாமான்னான். ஒருக்கா நெசமாவே கெளம்பி, மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி, பஸ்ஸ்டாண்டுல நிறுத்தி, மலைய அண்ணாந்து காட்டி, அதா மேக மூட்டமாத் தெரியுதே அதான் ஊட்டின்னு சொல்லி, ஒரு டீயும் வாங்கிக் குடுத்து, திரும்பக் கூட்டிட்டு வந்துட்டான். இந்த வருசம் மலையேற வண்டிக்கு எடுக்கற இ-பாஸ் கெடைக்கலைங்கறான். எடுத்தாத்தானே கெடைக்கறதுக்கு.

ஏன் இப்படின்னா, அவனுக்கு லீவுங்கறதே ஞாயித்துக்கெழம ஒண்ணுதான். அதைக் கொண்டு போயிக் குளுருல நடுங்கறதுக்குக் குடுக்க அவனுக்கு மனசில்ல. அதும் வார ஞாயித்துக்கெழமைக்கு ஒரு பெரிய திட்டம் இருந்துச்சு. கம்பெனில அவன்கூட வேல செய்யற சாமுவேலுக்குச் சொந்தக்காரங்க தோப்பு ஆனைமலையில இருக்குது. ஆத்துல குளியல், தோப்புலயே பள்ளிபாளையம் சிக்கன், அப்புறம் தென்னமரத்தடியில கயித்துக் கட்டல்ல தூக்கம். கோழி எத்தனைங்கறது வரைக்கும் சாமுவேலும் அவனும் வாட்ஸப்புல பேசி முடிச்சுட்டாங்க. பொண்டாட்டிகிட்டச் சொல்லப் போறது என்னமோ, கம்பெனில அவசர ஆர்டரு, ஞாயித்துக்கெழமையும் வேல, அப்படீன்னுதான்.

அதுக்கு முன்னால ஓசி டூலுப் பாடம் ஒண்ணு நடந்துச்சு. போன திங்கக்கெழம கண்ணையா வாத்தியாரு, சண்முகப்ரியா மாணவி. பேசுனா தானா டைப் அடிக்கற டூலு, மழை வருமான்னு சொல்ற டூலு, எந்தப் பாஷையையும் தமிழ்ல மாத்தற டூலு, ஒவ்வொண்ணையும் தானே கண்டுபுடிச்சவனாட்டம் வெளக்குனான். போனுல எடுத்த படமெல்லாம் எங்கீங்க போயி நிக்குதுன்னு கேட்டா அவ. கிளவுட்டுல நிக்குதுன்னான். அந்தக் கிளவுட்டையாச்சும் ஒரு நாளு பக்கத்துல போயிப் பாக்கலாமுங்களான்னா அவ. கண்ணையா டக்குன்னு அடுத்த டூலுக்குத் தாவிட்டான்.

அடுத்தது, அவ வாட்ஸப்பை லேப்டாப்புல சேக்கறது. ஜாக்கெட்டு டிசைன் வந்தா பெருசாப் பாத்துக்கலாம் பாரு. லேப்டாப்புல கட்டங்கட்டமா ஒரு படம் வந்து நின்னுச்சு. கண்ணையா போன எடுத்து அதுக்கு நேரா நீட்டுனான்.

“ஏனுங்க, இது உங்க போனுங்க.”

“குறுக்க பேசாத கண்ணு. எல்லாப் போனும் ஒண்ணுதான். டூலுக்கு எல்லாம் தெரியும்.”

டிங்குன்னு ஒரு சத்தம். சேந்துருச்சுன்னு கையத் தட்டிக்கிட்டான். அவ அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயே தொறக்கல.

“அப்புறம் இன்னொண்ணு கேட்டுக்க. மெசேஜ அனுப்பிப்போட்டோம், அதுல தப்பிருக்குதுன்னு வெய்யி. கால் மணி நேரத்துக்குள்ள திருத்திக்கலாம்.”

“அனுப்புனதக் கூடவுங்களா?”

“அனுப்புனதக் கூட. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க கண்ணு. மனுசன் தப்புப் பண்ணுவான். டூலு பண்ணாது.”

அப்படீங்களான்னு சொல்லிப்போட்டு அவ ஊக்குத் தெக்கப் போயிட்டா.

வெள்ளிக்கெழம சாயங்காலம். கண்ணையா வேல முடிஞ்சு சுந்தராபுரம் பஸ்ஸ்டாப்புல நிக்கறான். பஸ்ஸு வந்தபாடில்ல. பொய்ய நேர்ல சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துரும், போனுல சொல்லிப்போட்டா போனுக்கு ஏது மூஞ்சின்னு ஒரு ரோசனை. வெரலு வேற கம்பி சுத்திச் சுத்திக் காப்புக் காச்சுப் போயிருக்குது. ஒரு எழுத்த அமுக்குனா மூணு எழுத்து உழுகும். அதனால பேசற டூலத் தட்டி, போன வாய்க்கு நேரா வடையாட்டம் புடிச்சுக்கிட்டு, ஊர் கேக்கப் பேசுனான்.

“ஊட்டுக்கு வாரேன். ஞாயித்துக்கெழம கம்பெனிக்குப் போவோணும்.”

டூலு டைப் அடிச்சுச்சு. இவன் அனுப்புனான். பஸ்ஸு வந்துருச்சு. போன ஜோப்புல போட்டுக்கிட்டுத் தொத்துனான்.

ஊட்டுக்குள்ள காலு வெச்சா, ஊடே மாறிக் கெடக்குது. பீரோ தொறந்திருக்குது. கட்டல் மேல ஸ்வெட்டரு. சமையக்கட்டுல புளிச்சாத்துக்குப் புளி கொதிக்கற வாசம். பக்கத்தூட்டு உம்மல் குல்சும் அக்கா ஒரு கம்பளிச் சால்வைய மடிச்சுக் குடுத்துட்டு, கண்ணையாவப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகுது. இருந்தா உன்னையாட்டப் புருசன் இருக்கோணும் தம்பின்னு சொல்லிட்டுப் போகுது. அந்தக்கா இதுவரைக்கும் அவனைப் பாத்து அப்படிச் சொன்னதே இல்ல. எல்லாம் பத்தாதுன்னு சண்முகப்ரியா ஒரு கொரங்குக் குல்லாய எடுத்துட்டு வாரா.

“ஏனுங்க, தலைக்குச் சேருதான்னு போட்டுப் பாருங்க.”

மதுக்கரை வெய்யில்ல கொரங்குக் குல்லாயா. கண்ணையாவுக்கு ஒண்ணும் வெளங்கல. அவ தன்ற போன எடுத்துக் காட்டுனா. அவன் அனுப்புன மெசேஜுதான்.

‘ஊட்டிக்கு வாரேன். ஞாயித்துக்கெழம கம்பெனிக்குப் போவேண்டாம்.’

ரெண்டு தடவை படிச்சான். மூணாவது தடவை எழுத்துக் கூட்டிப் படிச்சான். மூலையில எறும்பு போறாப்புல பொடிப்பொடியா என்னமோ எழுதியிருந்துச்சு. அதை யாரு படிக்கறா. அவன் கண்ணு ஊட்டியிலயே நின்னு போச்சு. அப்புறந்தான் மண்டைக்குள்ள லைட்டு எரிஞ்சுச்சு. வீட்டுக்குன்னு ஒழுங்காச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல. வாயி ‘வீ’ய முழுங்கிப்போட்டு ‘ஊட்டுக்கு’ன்னுச்சு. டூலு அதை ஊட்டிக்குன்னு எடுத்துக்கிச்சு. போவோணும் போவேண்டாமாயிப் போச்சு. நம்ம கோயமுத்தூருப் பேச்சு அதுக்கு வெளங்கல. ஒரு எழுத்த முழுங்குனதுக்கு இப்ப ஒரு மலையவே முழுங்கோணுமாட்ட இருக்குது.

“கண்ணு, இது நான் சொன்னது இல்ல. டூலு தப்பா அடிச்சுப்போட்டுது.”

“டூலுங்களா?”

“ஆமா.”

“மனுசன்தான் தப்புப் பண்ணுவான், டூலு பண்ணாதுன்னீங்க.”

கண்ணையா ரோசிச்சு, ஞாயித்துக்கெழம நெசமாவே கம்பெனில அவசர ஆர்டரு, போயே ஆகோணும்னான். அப்ப சூப்பர்வைசருக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டறலாமுங்களான்னா அவ. வேண்டாம், அவரு பூசையில இருப்பாருன்னான். இ-பாஸ் கெடைக்காதேன்னான். குல்சும் அக்கா ஊட்டுக்காரரு ரசாக் அண்ணன் வேன் நம்பரப் போட்டு எடுத்தாச்சுங்க, அவங்களும் வாராங்க, இ-பாஸும் ஓசிதானுங்கன்னா. மழைன்னான். அவன் சொல்லிக் குடுத்த மழை டூலையே தொறந்து காட்டுனா. ஞாயித்துக்கெழம ஊட்டியில பளீர்னு சூரியன் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது தன்னையப் பாத்துத்தான் சிரிக்குதோன்னு கண்ணையாவுக்குச் சந்தேகம்.

கடைசியா ஒரே ஒரு வழி. சாமுவேலு குரல மாத்திச் சூப்பர்வைசராட்டப் பேசுனாத் தப்பிச்சுக்கலாம். தண்ணித் தொட்டிப் பக்கமாப் போயி, மெதுவா சாமுவேலுக்குப் போன் போட்டான்.

“டேய், ஞாயித்துக்கெழம விசயமா ஒரு ஒதவி.”

“ஞாயித்துக்கெழமதான் நீ வரலையே மாப்ள. உன்ற பங்குக் கோழியக்கூட வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டேன்.”

“நான் எப்படா வரலைன்னேன்?”

“இப்பத்தான, ஆறு மணி வாக்குல மெசேஜு போட்ட. ‘நான் தோப்புக்கு வரலீங்க, ஊட்டுக்காரிய ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க’ன்னு. பழகுன நாளா வாடா போடாம்ப. இன்னிக்கு ரெண்டு ‘ங்க’ போட்டிருந்த. மனசுக்கு நெறவா இருந்துச்சு மாப்ள.”

கண்ணையா போன வெச்சுட்டு வாட்ஸப்பத் தொறந்து பாத்தான். இருக்குது. அவன் பேருலயே, அவன் போனுலயே, ரெண்டு ‘ங்க’வோட இருக்குது. ஆறு மணிக்கு அவன் பஸ்ஸுல ஒரு கம்பிய ரெண்டு கையிலயும் புடிச்சுத் தொங்கிட்டு வந்தான். போனு ஜோப்புக்குள்ள இருந்துச்சு. டூலு தானா வேல செய்யும்னு அந்தக் கோட்டுக்காரன் சொன்னான்தான். அதுக்குன்னு ஜோப்புக்குள்ள உக்காந்துக்கிட்டு இவ்வளவு மருவாதையாவா?

பயம் புடிச்சுக்கிச்சு. ஆனைமலைப் பக்கம் போறதுக்குப் பொய் சொல்லலாமா? அங்க மாசாணியம்மா இருக்கறா. ஏமாத்துனவங்க பேரச் சொல்லி சனங்க மொளகா அரைக்கற கோயிலு. யாராச்சும் நம்ம பேருல ஒரு கை அரைச்சுப்போட்டாங்களோன்னு நெனச்சதுமே ஒடம்பு பூரா எரியறாப்புல இருந்துச்சு. நல்ல புள்ளையாட்ட உள்ள வந்து, கொரங்குக் குல்லாய எடுத்துத் தலையில மாட்டிக்கிட்டான். கச்சிதமாச் சேந்துச்சு.

ஞாயித்துக்கெழம ஊட்டி. ரசாக் அண்ணன் வேன நிறுத்த எடம் தேடிப் போக, குல்சும் அக்கா துணைக்குக் கூடப் போயிருச்சு. சண்முகப்ரியா பூங்காப் புல்லுல காலு நீட்டி உக்காந்து, வர்க்கிய ஒவ்வொரு மடிப்பா உரிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தா. மேகம் ஒண்ணு எறங்கி வந்து அவ மூஞ்சியத் தடவிட்டுப் போச்சு. இதுங்களா நம்ம படமெல்லாம் நிக்கற எடம்னு கேட்டுச் சிரிச்சா. இவ்வளவு சிரிப்பு இவகிட்ட இருந்துச்சான்னு கண்ணையாவுக்கே தெரியாது. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் மனசு புல்லுல உக்காரல. அரிச்சுக்கிட்டே இருந்துச்சு.

கொஞ்சந் தள்ளி ஒரு மரத்தடிக்குப் போயி, பேசற டூலத் தட்டுனான். “ஊட்டுக்கு வாரேன்.”

‘ஊட்டுக்கு வாரேன்’னு அடிச்சுச்சு. ஒரு எழுத்துப் பிசகல.

“போவோணும்.” ‘போவோணும்’னே அடிச்சுச்சு. மெதுவாச் சொன்னான். கத்திச் சொன்னான். வாயில வர்க்கியப் போட்டு மென்னுக்கிட்டே சொன்னான். நாலஞ்சு சுத்துலாக்காரங்க ஒதுங்கிப் போனாங்க. டூலு மட்டும் மாறவே இல்ல. கொங்கு நாட்டுலயே பொறந்து வளந்ததாட்டம் கரெக்டா அடிச்சுச்சு.

அப்ப அன்னிக்கு?

வெள்ளிக்கெழம மெசேஜத் தொறந்தான். மூலையில எறும்பு போறாப்புல இருந்துச்சே, அந்தப் பொடி எழுத்த இப்பத்தான் கண்ணுகிட்டக் கொண்டு வந்து படிச்சான். ‘திருத்தப்பட்டது’ன்னு இருந்துச்சு.

திரும்பிப் பாத்தா சண்முகப்ரியா அவனையே பாத்துக்கிட்டு இருக்கறா.

“இதை யாரு திருத்துனது?”

அவ வர்க்கியப் பாதியா ஒடைச்சு அவன்கிட்ட நீட்டுனா. அன்னிக்கு லேப்டாப்புல அவன் சேத்தி வெச்சது அவ வாட்ஸப்பு இல்லீங்களாமா, அவனுதுங்களாமா. அப்பவே சொன்னாளாமா, குறுக்க பேசாதன்னுட்டானாமா. தோப்பு, ஆறு, கோழி, கயித்துக் கட்டலு எல்லாமே அதுல பெருசு பெருசா நல்லாத் தெரிஞ்சுச்சாமா. சாமுவேல் அண்ணனுக்குப் பதிலு போட்டதும் அவதானாமா.

கண்ணையாவுக்குக் குளுரு இப்பத்தான் ஒறைச்சுது. குல்லாய இழுத்துக் காது வரைக்கும் விட்டுக்கிட்டான். இருந்தாலும் ஆம்பள இல்லீங்களா, கடைசியா ஒண்ணு கேட்டுப் பாத்தான்.

“அதுக்குன்னு என்னைய ஒரு வார்த்த கேக்காம என்ற மெசேஜத் திருத்தலாமா கண்ணு?”

“கண்ணாலமான நாளா உங்களத்தானுங்க திருத்தப் பாத்தேன். முடியலீங்க. மெசேஜு ஒரே தட்டுல திருந்திக்கிச்சுங்க, அதும் ஓசியில.”