தவசிமுத்து கொண்டுபோன சாம்பிள்

தவசிமுத்துவைத் தவிர வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று பேண்டேஜ் கம்பெனியில் அத்தனை பேரும் சொன்னார்கள். தவசிமுத்துவும் அதையேதான் சொன்னார்.

"நான் போனா முழுசாப் போய்ச் சேர மாட்டேன் அண்ணாச்சி."

முதலாளி ஞானதுரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "சேல்ஸ்மேன் காய்ச்சல்ல கெடக்கான். நான் நூலுக்கு அலையணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில சாம்பிள் காட்டலன்னா ஆர்டர் மதுரைக்காரனுக்குப் போயிரும். பொறவு தறிய நிப்பாட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நீங்களே சொல்லுங்க, யாரை அனுப்ப?"

"எங்க வீட்டுக்காரரையே அனுப்புங்க அண்ணாச்சி" என்று தறிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

குருவம்மாள். தவசிமுத்துவின் மனைவி. அந்தச் சாம்பிள் துணியை நெய்தவளும் அவள்தான்.

ராஜபாளையத்தில் தவசிமுத்து விழாத இடம் குறைவு. பள்ளிக்கூடத்தில் பெஞ்சிலிருந்து விழுந்தார். மில் வேலைக்குப் போன முதல் நாளே மில் வாசலில் விழுந்தார். தாலி கட்டிய கையோடு மேடையிலிருந்து நாதஸ்வரக்காரர் மேல் விழுந்தார். ஒரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்கப் போய், ஓடுகிற தேருக்குப் பயந்து ஒதுங்கி, நிற்கிற லாரியில் மோதிப் பல்லை உடைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்து நடந்துவிடுவார். பார்த்தவர்கள்தான் உட்கார இடம் தேடுவார்கள்.

மறுநாள் காலையில் குருவம்மாள் சைக்கிளைப் பளபளவென்று துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள்.

"பஸ்ஸுல போறேனே, ஏட்டி."

"வேண்டாம். எறங்கும்போது விழுவீக. சைக்கிள்ல சூதானமாப் போங்க."

பையைத் திறந்து பார்த்தார். "ஒரு ரோல் போதும்னாரே அண்ணாச்சி. இம்புட்டு எதுக்கு?"

"கூட இருக்கட்டும்."

"கத்தரிக்கோலும் ஊக்கும் எதுக்கு?"

"டாக்டரம்மா வெட்டிப் பாக்கணும்னா என்ன செய்வீக?"

அதுவும் சரிதான் என்று பட்டது. அவள் எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஊர் எல்லை தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினார். பிரேக் நன்றாகவே அழுந்தியது. சைக்கிள்தான் நிற்கவில்லை. வேலிக்கருவைப் புதருக்குள் போய் நின்றது.

முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. சாம்பிள் பையைப் பார்த்தார். ஒரு ரோல் போனால் என்ன, இன்னும் இருக்கிறதே என்று எடுத்து இறுக்கிக் கட்டினார். பிரேக்கில் என்ன கோளாறு என்று குனிந்து பார்க்கலாம் என்றால், கட்டுப் போட்ட கால் வளையவில்லை. ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு புறப்பட்டார்.

ஒரு தோப்பு வாசலில் படுத்திருந்த வெள்ளை நாய், ஒற்றைக் காலால் சைக்கிள் ஓட்டுகிற ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. எழுந்து துரத்தியது. தவசிமுத்து இரண்டு கால்களையும் தூக்கி ஹேண்டில்பார் மேல் வைத்தார். நாயிடமிருந்து தப்பித்தார். எதிரே வந்த பால்காரர் வீரணனிடமிருந்து தப்ப முடியவில்லை.

பால் கேன்கள் ரோட்டில் உருண்டன.

"யோவ், பெல் அடிக்க மாட்டியா?"

"பிரேக் புடிக்கத்தாய்யா பாத்தேன்."

"பால்கோவாவுக்குப் போற பாலுய்யா. நாய்க்கு ஊத்திட்டியே."

துரத்தி வந்த நாய் இப்போது சாவகாசமாகப் பாலை நக்கிக்கொண்டிருந்தது. தவசிமுத்துவின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்ததும் வீரணனின் குரல் இறங்கியது. "பையில என்னய்யா வச்சிருக்கே? துணியா? கொண்டா" என்று வாங்கி, திட்டிக்கொண்டே நெற்றிக்கு ஒரு ரோல், முழங்கைக்கு ஒரு ரோல் சுற்றி ஊக்குக் குத்திவிட்டார். மிச்சமிருந்தது கணுக்காலுக்குச் சரியாக இருந்தது.

பையில் கத்தரிக்கோல் மட்டும் கிடந்தது.

"சாம்பிள் போச்சே" என்றார் தவசிமுத்து.

"உசுரு இருக்குல்லா. ஊருக்குத் திரும்பிப் போய்யா."

திரும்பினால் தறி நின்றுவிடும். குருவம்மாள் தறியும் சேர்ந்துதான் நிற்கும். அதோடு, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்து தவசிமுத்துவுக்குப் பழக்கமும் இல்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நொண்டி நடந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் கோயிலைத் தாண்டினார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே வாசல் படியில் தடுக்கி, சத்தமில்லாமல் இன்னொரு தடவை விழுந்தார்.

நர்ஸ் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தாள்.

"நான் நோயாளி இல்லம்மா. சேல்ஸ்மேன்."

"தலையில அடிபட்டா அப்படித்தான் பேசுவாக. பேசாம உக்காருங்க" என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

டாக்டர் கிருபாபாய் மேஜைமேல் ஒரு மினுமினுப்பான பாக்கெட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிரே மதுரைக் கம்பெனி இளைஞன் டையோடு நின்றான்.

"பாக்கெட்டு அழகா இருக்கு தம்பி. போன மாசம் வாங்கினதும் அழகாத்தான் இருந்துச்சு. கட்டிவிட்டா, ஆளு கேட்டைத் தாண்டுறதுக்குள்ள அவுந்து விழுது" என்றபடியே தவசிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். "அடப்பாவமே. இந்தக் கால்ல எப்பக் கட்டினது?"

"காலையில வாய்க்கால் பாலத்துல விழுந்தப்போம்மா."

"அதுக்குப் பொறவு?"

"நாய் வெரட்டுச்சு."

"பொறவு?"

"பால் கேன் மேல விழுந்தேன். பொறவு அம்புட்டுத் தூரம் நடை. இப்ப உங்க படியில."

டாக்டர் கட்டுக்கு அடியில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கால் விரல்களை அமுக்கிப் பார்த்தார். ரத்த ஓட்டமும் நிற்கவில்லை. நெற்றிக் கட்டைத் தொட்டார். உள்ளே ஊறிய ரத்தம் வெளியே ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

"யாரு கட்டிவிட்டது?"

"பால்காரரு."

"பால்காரரு கட்டியே இப்படி நிக்குதா? இது எந்தக் கம்பெனித் துணி?"

"அதைச் சொல்லத்தாம்மா நான் வந்ததே."

விஷயத்தைக் கேட்ட டாக்டர் மதுரை இளைஞன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் உங்க துணியைக் கட்டிக்கிட்டு நம்ம படியில ஒரு தரம் விழுந்து காட்டுறீங்களா?"

இளைஞன் பாக்கெட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் தவசிமுத்து பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வந்தார். இறங்கும்போது விழவில்லை. ஆர்டரைக் கையில் வாங்கிய ஞானதுரை அதை மூன்று முறை படித்துவிட்டு, கட்டுப் போடாத இடமாகப் பார்த்துத் தோளில் தட்டினார்.

"ஏலே தவசி, இனிமே நம்ம கம்பெனிக்கு நீதாம்லே சேல்ஸ்மேன்."

தறிக்காரப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள். பிறந்ததிலிருந்து தவசிமுத்து விழுந்ததற்கு யாரும் கைதட்டியதில்லை. இன்று தட்டினார்கள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு" என்றார் குருவம்மாளிடம். "அந்தப் பிரேக்குதான் வெளங்கல. முந்தாநாள்கூட நல்லாப் புடிச்சுச்சு."

குருவம்மாள் தறியிலிருந்து தலையைத் தூக்காமலே, முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு பிரேக் கட்டைகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, மாட்டிக்கிடுங்க. நீங்க விழுந்தா எந்திரிச்சிருவீகன்னு எனக்குத் தெரியும். என் துணி நிக்குமான்னுதான் தெரியாம இருந்துச்சு."