பல் பார்த்து வாங்கிய கேமரா

என் அருமை மகன் எர்மெக்குக்கு, அத்பாஷியிலிருந்து உன் அப்பா ஜுமகாஸி எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, உன் மனைவி அய்ஸாதா, உன் மகள் அக்மரால், செம்பழுப்புக் குதிரை, இருபத்திரண்டு ஆடுகள் அனைவரும் சுகம். கொரியாவில் உன் சுகத்துக்கும் உன் முதலாளியின் நல்ல புத்திக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

காரியம் ஜெயம், மகனே! "பிள்ளையின் கால்கட்டு அறுக்கும் சடங்குக்கு எனக்கு விடுப்பு இல்லை, அவள் முதல் அடி வைப்பதையாவது நல்ல படமாகப் பார்க்க வேண்டும், லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமராவாகப் பார்த்து வாங்குங்கள்" என்று எழுதி, கூடவே நான்கு பக்கம் யோசனையும் அனுப்பியிருந்தாய் அல்லவா, அதில் எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆனாலும் கலங்கவில்லை, முப்பத்தோரு வருஷம் கால்நடை மருத்துவனாக இருந்தவனுக்கு நல்லதைப் பார்த்து வாங்கத் தெரியாதா என்று பிஷ்கெக்குக்கு வண்டி ஏறிவிட்டேன்.

பழைய கேமரா விற்கும் கடையில் அனாரா என்ற பெண்மணி இருந்தாள். எடுத்ததும் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய ஒன்றைத் தூக்கி வைத்தாள். பந்தயக் குதிரையில் ஏறியா ஒருவன் சவாரி பழகுவான்? வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கைக்கு அடங்குகிற சின்ன ஒன்றை எடுத்தேன், பிடித்துப் பார்த்தேன், கையை உயர்த்தித் தாழ்த்தி எடை பார்த்தேன், கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தேன், எல்லாம் சரி, வாயைத் திற என்றேன். அவள் லென்ஸைக் கழற்றினாள். நான் விரலை உள்ளே விட்டேன்.

"ஐயையோ அண்ணே! கைய எடுங்க! அங்க தொட்டா அதோட கத முடிஞ்சுது!"

"பல்லத் தொட்டுப் பாக்காம வயசு எப்படிம்மா தெரியும்?"

"இதுக்குப் பல்லு கெடையாதுண்ணே. எத்தன தடவ படம் எடுத்துருக்குன்னு எண்ணிக்க இருக்கு, அதான் வயசு. இது பன்னெண்டாயிரம். இன்னும் லட்சம் எடுக்கும்."

இளங்குதிரை! வலியும் இல்லை, நொண்டலும் இல்லை. கூட வந்த லென்ஸ் கிட்டத்தில் இருப்பதையும் எடுக்குமாம், கொஞ்சம் தூரத்தில் இருப்பதையும் எடுக்குமாம். "மொதல்ல இதுலயே பழகுங்கண்ணே, பெறகு லென்ஸ மட்டும் மாத்திக்கலாம்" என்றாள். இதைத்தானே நீ நான்கு பக்கம் எழுதினாய்? குதிரை அதே குதிரை, சேணம் மட்டும் வேறு.

பணம் கைமாறியதும் நான் கேமராவின் கழுத்துவாரைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் விழித்தாள். விற்றவர் தலைக்கயிற்றை வைத்துக்கொண்டால்தானே அவர் கொட்டிலில் ஐசுவரியம் தங்கும்? "அண்ணே, அது இல்லாம கீழ போட்டுருவீங்க" என்று வாசல் வரை ஓடி வந்து கெஞ்சினாள். நான் முறை தவறுகிறவன் இல்லை.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "எதுக்கு இந்தக் கருப்புப் பொட்டி? போன்ல எடுத்தா ஆவாதா?" என்றாள். கிட்டேயே வரமாட்டேன் என்றாள். நான் பத்து நாள் ஆடுகளை வைத்துப் பழகினேன். ஆடுகளுக்கு இப்போது என்னைக் கண்டாலே எரிச்சல்.

சடங்கன்று ஊரே திரண்டிருந்தது. அக்மரால் அதுவரை எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், தனியாக ஓர் அடி வைத்ததில்லை. கருப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றை அவள் காலில் கட்டினார்கள். பெண்கள் போட்டி போட்டு ஓடி வந்தார்கள், முதலில் வந்த பக்கத்து வீட்டு மருமகள் கத்தியால் கயிற்றை அறுத்தாள், பிள்ளை ஒரு நொடி நின்றாள், பிறகு என்னைப் பார்த்து நேராக நடந்து வந்தாள், மகனே! ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி! நான் கல் மாதிரி நின்றேன். கை நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை. சரியான நொடியில் அழுத்தினேன். படத்தை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பார், உன் அப்பா எடுத்த படம் இது என்று அங்கே எல்லாரிடமும் சொல்.

உன் பாதை நேராக இருக்கட்டும், உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், உன்னைத் திருப்பிக் கொண்டுவரும் விமானம் சீக்கிரம் கிளம்பட்டும்.

உன் அப்பா, புகைப்படக் கலைஞர் ஜுமகாஸி

பி.கு. எர்மெக் கண்ணு, அம்மா எழுதறேன். உறைய ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தேன். படத்த நல்லா பாரு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, மூஞ்சியெல்லாம் கண்ணீரா, வாயப் பொளந்துக்கிட்டு முட்டி போட்டு நிக்கிறது யாரு? பிள்ள மொத அடி வச்சதுமே பொட்டிய எங்கையில திணிச்சுட்டு கன்னுக்குட்டியாட்டம் கத்திக்கிட்டு ஓடுனாரு. கைக்குச் சிக்குனத நான் அழுத்துனேன். தான் எடுத்த படத்துல தானே எப்படி வந்தோம்னு அவருக்கு இன்னும் தோணல. நீயும் சொல்லாத, சந்தோஷமா இருக்காரு. அது சரி, வேற லென்ஸும் மாட்டலாமாமே. தூரத்துல வர்றவங்கள எடுக்கறது ஒண்ணு எனக்கு வாங்கிட்டு வா. நீ வர்றத ரோட்டுத் திருப்பத்துலயே எடுக்கணும்.