சல்லடை போட்ட முழு மதிப்பெண்

மாமனாரின் இடது கையைத் தேற்றப்போவது கண்ணாடியா, கையுறையா என்று வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் மகள் வீட்டில் இருந்தார். மகள் கண்ணாடிக் கட்சி. நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் காட்டினால் மூளை ஏமாந்து மற்றக் கையையும் அசைக்குமாம். அவள் தம்பி கையுறைக் கட்சி. நல்ல கையைக் கட்டிப்போட்டால் சோம்பேறிக் கை வேறு வழியில்லாமல் எழுந்துவிடுமாம்.

மாமனாருக்கு எந்தக் கட்சியும் இல்லை. சொந்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே சதுரங்கம் ஆட வேண்டும். கை தேறாமல் அனுப்ப முடியாது என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் கண்ணாடி, மறு வாரம் கையுறை என்று முடிவாகி, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மருமகனிடம் வந்தது. பக்கவாத சிகிச்சை ஆய்வுகளைத் தரம் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அவர் பிழைப்பு. அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவரிடம் தேறிய ஆய்வு கிடையாது.

"எந்த வாரம் எந்த சிகிச்சைன்னு எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா என் கண்ணே பொய் சொல்லும்" என்றார்.

சோதனை எளிது. இடது கையால் டம்ளரைத் தூக்கி வைக்க வேண்டும். டம்ளர் உருண்டது. மனைவியும் மைத்துனனும் முகத்தாலேயே பிரச்சாரம் செய்தார்கள். இருவரையும் வெளியே அனுப்பினார். அப்போதும் மாமனாரின் மணிக்கட்டில் கையுறைத் தடம் தெரிந்தது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சத்தத்தை வைத்தே மதிப்பெண் போட்டார். முனகலில் துப்புக் கிடைத்தது.

"மாமா, முனகாதீங்க."

"சரி மாப்ள."

அதன்பின் கை மளமளவென்று தேறியது. மனைவிக்குத்தான் சந்தேகம்.

"என்னங்க, சட்டைப் பொத்தானை இன்னும் நான்தானே போட்டு விடறேன்?"

"நீ கட்சிக்காரி. உன் சாட்சி செல்லாது."

கடைசிச் சோதனையில் டம்ளர் 'டக்' என்று உட்கார்ந்தது. சல்லடை, சுவரைப் பார்த்தபடியே, வாழ்க்கையில் முதன்முறையாக முழு மதிப்பெண் போட்டார். எந்தக் கட்சி ஜெயித்தது என்பதைக்கூட யாரும் கேட்கவில்லை.

"மாப்ள மாதிரி நியாயஸ்தனை நான் பார்த்ததில்ல" என்று மாமனார் பெட்டியைக் கட்டச் சொன்னார்.

வாசலில் டாக்சி வந்து நின்றது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் சிரித்தபடி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவர் சொன்னார்: "ஐயா, அந்த இடது கையை எடுத்து மடியில வெச்சுக்குங்க. வெளிய தொங்குது, கதவு சாத்தணும்."