பதினோரு அதிகாரிகளும் ஒரு கான்ஸ்டபிளும்

"சும்மா கான்ஸ்டபிள்னா நான் வரலை," என்றார் சலூன்காரர். "முடி வெட்டிக்க வர்றவன்கூட மதிக்க மாட்டான்."

குடிநீர் அலுவலகத் தலைமை குமாஸ்தாவுக்கு வியர்த்தது. ஊர் போலீஸ்காரர்கள் எல்லாம் போருக்குப் போய்விட்டதால், பொதுமக்களில் பன்னிரண்டு பேரைச் சிறப்புக் கான்ஸ்டபிள்களாகத் திரட்டும் பொறுப்பு அவரைத் தேடி வந்திருந்தது. தேடி வந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று மனு போட்டு வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு பேர் சேராவிட்டால் பொறுப்பு பக்கத்து வட்டத்துக்குப் போய்விடும். அதிகாரி என்று காட்டும் சிவப்புக் கைப்பட்டையை மனைவியிடம் கொடுத்துத் தைத்தும் வைத்தாயிற்று. அதைக் கட்டிக்கொண்டு ஒரு முறையாவது தெருவில் நடக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"சரி, நீங்க சைரன் அதிகாரி."

சலூன்காரர் உடனே கையெழுத்துப் போட்டார். சேதி தெருமுனையைத் தாண்டுவதற்குள் தையல்காரர் வந்துவிட்டார்.

"அவர் அதிகாரி, நான் கான்ஸ்டபிளா? என்னைப் பார்த்தா இளிச்சவாயன் மாதிரி இருக்கா?"

தையல்காரர் விளக்கணைப்பு அதிகாரி ஆனார். மருந்துக்கடைக்காரர் முதலுதவி அதிகாரி. கணக்கு வாத்தியார், பெயருக்கு முன்னால் 'துணை' என்று எதுவும் ஒட்டக்கூடாது என்ற நிபந்தனையுடன், பதுங்குகுழி அதிகாரி. புதன்கிழமைக்குள் பதினோரு பேர் சேர்ந்தார்கள். பதினோரு பேரும் அதிகாரிகள்.

தலைமையகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: படையில் கான்ஸ்டபிள் யார்?

குமாஸ்தா கூட்டம் கூட்டினார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"அமைப்பாளரே முன்மாதிரியா இருந்துட்டா அழகா இருக்கும்," என்றார் கணக்கு வாத்தியார்.

பத்துப் பேர் கைதட்டினார்கள். போர் தொடங்கிய பிறகு அந்தத் தெருவில் ஏற்பட்ட முதல் ஒற்றுமை அதுதான்.

வியாழக்கிழமை ஒத்திகை. முன்னால் ஒரு கான்ஸ்டபிள் நடந்தார். பின்னால் பதினோரு பேர் உத்தரவு போட்டார்கள். கதவைத் தட்டச் சொன்னார் ஒருவர், தட்டாதே என்றார் இன்னொருவர். எல்லோரையும்விட அதிகமாக விசில் ஊதியவன் குமாஸ்தாவின் மனைவியின் தம்பி. தந்தி ஆபீசில் வேலை. இங்கே மணல் வாளி அதிகாரி.

"கான்ஸ்டபிள், அந்த வாளியை இப்படி நகர்த்துங்க. அப்படி இல்லை, இப்படி."

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, அவர் வீடு திரும்பியதும் கேட்டாள்: "ஏங்க, சலூன்காரர் 'ஏய்'னு யாரையோ கூப்பிட்டாரே, உங்களையா?"

"தெருவுல போன நாயை."

"நீங்கதான் திரும்பிப் பார்த்தீங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மைத்துனன் தந்தி ஆபீசிலிருந்து நேரே ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. சிவப்புப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அத்தான், மனசு கேக்கலை. அக்கா புருஷன் வெறுங்கையோட நிக்கிறப்ப நான் பட்டையோட நிக்கிறது நல்லாவா இருக்கு? என்னைக் கான்ஸ்டபிளா போட்டுட்டு நீங்க அதிகாரியா இருங்க."

இவனை இத்தனை வருஷம் சுயநலக்காரன் என்று நினைத்தோமே என்று குமாஸ்தாவுக்கு வெட்கமாக இருந்தது.

"சொன்னதே போதும்டா மாப்ளே."

"போதாது அத்தான். பதிவேட்டுல மாத்திடுங்க. இப்பவே."

மாற்றினார். மைத்துனன் இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினான். மை காயும்வரை வாயால் ஊதிவிட்டு, நகல் ஒன்றையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. அதிகாரிகள் மட்டும் ஏற வேண்டும் என்றார் ஓட்டுநர். அணிவகுப்பு மரியாதைக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யார் முதலில் ஏறுவது என்பதில்தான் கால் மணி நேரம் தகராறு.

குமாஸ்தா முண்டியடித்து ஓட்டுநர் பக்கத்து இருக்கையைப் பிடித்தார். மாடியில் நின்ற மனைவிக்குப் பட்டை தெரியும்படி கையை வெளியே நீட்டினார். நடைபாதையில் கான்ஸ்டபிள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

"அணிவகுப்பு எந்த மைதானத்துலப்பா?" என்று கேட்டார் குமாஸ்தா.

ஓட்டுநர் கியரை மாற்றினார்.

"எல்லைக்குத்தான் சார் போறோம். அங்க அதிகாரிங்க பத்தலை, ஊருக்கு ஒரு கான்ஸ்டபிளை விட்டுட்டு மத்தவங்களை ஏத்திட்டு வரச் சொல்லி விடியக்காலையிலேயே உங்க ஊருக்குத் தந்தி அடிச்சாங்களே, தந்தி ஆபீஸ்ல யாரும் சொல்லலையா?"