செவ்வாய்க்கிழமைத் தண்ணீரும் என் பைதானும்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மைத்துனர், பொறியாளர் ஸுஹைருக்கு,

அம்மான் நகரில் அஷ்ரஃபிய்யா மேட்டிலிருந்து உன் அத்தான் அபூ லைத் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா வஜீஹாவும் நலம். மொட்டைமாடித் தொட்டிகள் ஆறும் நலம், ததும்பி நிற்கின்றன. அங்கே ஷார்ஜாவில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், முக்கியமாக உங்கள் வீட்டு ஏசியும், நலமாக இருக்கத் துஆ செய்கிறேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோன் என்றால் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் உன் அக்கா பிடுங்கிக்கொள்வாள். நன்றி சொல்கிற வேலையை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதால் தாளில் எழுதுகிறேன். நாளைக் காலை ஷார்ஜாவுக்குக் கிளம்பும் உன் சிநேகிதர் கையில் கொடுத்தனுப்புவேன்.

உன் பழைய லேப்டாப்பை அனுப்பி, "அத்தான், சும்மா உக்காந்திருக்காம பைதான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியக் கத்துக்குங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுதான் சுலபம்" என்று நீ சொன்னபோது, பழிவாங்குகிறாய் என்றே நினைத்தேன். ஓட்டுநர் தேர்வில் உன்னை இரண்டு முறை ஃபெயிலாக்கியவன் நான்தானே. அந்த நினைப்புக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஃபெயிலாக்கியதற்கு மன்னிப்பில்லை. நீ நடைபாதைமேல் ஏற்றினாய், நான் பார்த்தேன்.

என் நிலைமை உனக்கு முழுதாகத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எனக்குக் கிழமைகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஞாயிறும் விடுமுறை வெள்ளி மாதிரி, புதனும் வெள்ளி மாதிரி. மற்றவர்களுக்கு அதனால் மோசமில்லை. ஆனால் நம் கட்டடத்தின் பம்ப் அறைச் சாவி என் கையில் இருக்கிறதே! எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வாரத்தில் ஒரே நாள், செவ்வாய்க்கிழமை விடியும்போது வரும். அன்றைக்கு வால்வைத் திறந்து தரைக்கடித் தொட்டியை நிரப்பி, பம்ப் போட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும். மறந்தால் ஆறு வீட்டுக்கும் ஒரு வாரம் வறட்சிதான். நான் இரண்டு தடவை மறந்தேன். மூன்றாம் மாடி அபூ மர்வான், மருந்துக் கடை வைத்திருந்தவர், எல்லோர் முன்னாலும், "அபூ லைத், நீங்க ஓய்வெடுங்க, சாவிய நான் பாத்துக்கறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது. ஸுஹைர், உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சாவியும் போய்விட்டால் காலையில் நான் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் மனிதன் மறந்தாலும் மறக்காத ஒன்றைச் செய்துவிடுவது என்று பைதானைத் திறந்தேன். தண்ணீர் நாள் வந்தால் விடியற்காலையில் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அதுவாகவே செய்தி அனுப்ப வேண்டும், என்னையும் எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதல் நாள், திரையில் "ஸலாம்" என்று எழுதச் சொன்னேன். எரர். மேற்கோள் குறியைத் திறந்தவன் மூடவில்லையாம். மூடினேன். "இன்று செவ்வாய் என்றால்" என்று நிபந்தனை போட்டேன். எரர். வரிக் கடைசியில் இரண்டு புள்ளி வேண்டுமாம். வைத்தேன். மறுபடியும் எரர். நிபந்தனைக்குக் கீழே வருகிற வரி நான்கு இடம் தள்ளி உள்ளே உட்கார வேண்டுமாம். காரில் ஏறுகிறவர்களுக்கு சீட்டைத் தள்ளிப் போடச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டியவன் நான், எனக்கே சீட் தள்ளத் தெரியவில்லை என்கிறது. உன் அக்கா சமையலறையிலிருந்து, "என்னங்க, யாரோட சண்டை?" என்றாள். "யாரோடயும் இல்ல, நாலாவது வரியோட" என்றேன். ஆனால் ஸுஹைர், அன்றைக்கு என் மனம் ஒரு மாதிரியாகிவிட்டது. நான் யாரை ஃபெயிலாக்கினாலும் "அடுத்த மாசம் வா" என்பதோடு சரி, எங்கே தப்பு என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்தப் பைதான் ஒரு நாளில் என்னை நாற்பது தடவை ஃபெயிலாக்கியது. நாற்பது தடவையும் எந்த வரியில் தப்பு என்று சொன்னது. உடனே மறுபடி எழுத விட்டது. முகம் சுளிக்கவில்லை. இப்படி ஒரு தேர்வாளரை நான் எங்கள் இலாகாவில் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் சுழற்சி என்ற பாடம் வந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. ஆஹா, ஒரு தடவை சொன்னால் எழுந்திருக்காதவர்களுக்கு மூன்று தடவை சொல்லலாமே என்று ஆசைப்பட்டு, கிழமை நிபந்தனையையும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் எழுத மறந்து, ஓடவிட்டுவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டேன். குத்பாப் பேருரை நடந்துகொண்டிருக்கிறது, பொறுமையைப் பற்றி. நான் இருந்த வரிசையில் ஒரு ஃபோன் உறுமியது. முன் வரிசையில் ஒன்று. தூணுக்குப் பக்கத்தில் இரண்டு. யாரடா இந்த மரியாதை கெட்டவர்கள் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் நம் கட்டடத்து ஆட்கள், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், என் சட்டைப் பையும் உறுமுகிறது. இமாம் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். வீட்டுக்கு ஓடி வந்து அணைப்பதற்குள் "அண்டை வீட்டாரே, தண்ணீர் வருகிறது" என்று நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள் போயிருந்தன. வெள்ளிக்கிழமை மதியம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத நேரத்தில்! இரண்டாம் மாடி ஆசிரியை ஸல்வா படியில் வைத்துக் கேட்டாள்: "மாமா, தண்ணி வருதா, இல்ல வெள்ளமா?"

இதெல்லாம் சிரித்து மறந்துவிடக்கூடியது. அடுத்த தப்பு அப்படியில்லை. பைதான் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்று படித்திருந்தேன். படித்ததைப் பெருமையாக வைத்துக்கொண்டு, வாரம் ஞாயிற்றுக்கிழமைதானே தொடங்குகிறது, ஞாயிறு பூஜ்யம், திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு என்று கணக்குப் போட்டு இரண்டு என்று எழுதினேன். நம் ஊரில் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் கசாப்புக் கடையும் ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்தைத் தொடங்குகின்றன. பைதானுக்கு வாரம் திங்களில் தொடங்குகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் இரண்டு என்றால் புதன். செவ்வாய் விடிந்தது, செய்தி இல்லை. இயந்திரத்தை நம்பி நானும் சுகமாகத் தூங்கினேன். புதன் காலையில் "தண்ணீர் வருகிறது" என்று கம்பீரமாகச் செய்தி போனது. தண்ணீர் முந்தைய நாளே வந்து போய்விட்டது. ஆறு வீடும் கூஜாத் தண்ணீரில் தொழுகைக்கு ஒளுச் செய்து, கடைசியில் லாரித் தண்ணீர் வரவழைத்தோம்.

அன்று மாலை அபூ மர்வான் வீட்டில் கூட்டம். ஏலக்காய்க் காபி வந்தது, யாரும் தொடவில்லை. "அபூ லைத், இது விளையாட்டில்ல. என் பேத்தி குளிக்காம ஸ்கூலுக்குப் போனா" என்றார் அவர். சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். உன் அக்காதான் வாய் திறந்தாள்: "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாருங்க. மனுஷன் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, ஒத்த எழுத்த வெச்சுக்கிட்டு மல்லுக்கட்றாரு." அபூ மர்வான் சாவியை என் பக்கமே தள்ளினார். "அடுத்த செவ்வாய். அதுவும் தப்பினா நான் கேக்கவே மாட்டேன், எடுத்துக்குவேன்."

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன கிழமை என்று பைதானையே கேட்டு, இரண்டை அழித்து ஒன்று போட்டேன். செவ்வாய் விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு ஆறு வீட்டிலும் ஃபோன் ஒரே ஒரு தடவை ஒலித்தது. நான் படியிறங்கி வால்வைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் இரைந்து வந்த சத்தம் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மாலையில் பெரிய தட்டு நிறைய கெனாஃபே இனிப்பு வாங்கி, வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் ஆகிறது, ஸுஹைர், ஒரு செவ்வாய்கூடத் தப்பவில்லை. இன்னொரு அதிசயமும் சொல்கிறேன். முன்பெல்லாம் தொட்டி நிறைய ஆறு மணி நேரம் ஆகும். இப்போது நான் வால்வைத் திறந்துவிட்டு எட்டிப் பார்த்தால் தொட்டி ஏற்கெனவே விளிம்பு வரை நிற்கிறது! வேலையை ஒழுங்குபடுத்தினால் தண்ணீர்கூட ஒழுங்காக வரும்போல. எனக்கு வேலை பம்ப் போடுவது மட்டும்தான். அபூ மர்வான் ஒவ்வொரு செவ்வாயும் முதல் ஆளாகப் பதில் போடுகிறார்: "அல்லாஹ் உங்கள் கைக்கு வலிமை தரட்டும்." மாடியில் துணி காய்கிறது. உன் அக்கா மட்டும் எதற்கோ சனிக்கிழமை துவைக்கிறாள். கேட்டால், "என் துணி, என் இஷ்டம்" என்கிறாள். உனக்கு அவளைத் தெரியும்.

இத்தனைக்கும் காரணம் நீ. பழைய லேப்டாப் ஒன்றை அனுப்பி எனக்கு என் கிழமைகளைத் திருப்பிக் கொடுத்தாய். இப்போது செவ்வாய் வந்தால் செவ்வாய் என்று தெரிகிறது. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அல்லாஹ் உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் நீண்ட ஆயுளையும், வற்றாத குழாயையும், எரர் இல்லாத நாட்களையும் தருவானாக. பிள்ளைகளின் கண்களுக்கு என் முத்தம். உன் அக்கா ஸஅதர் பொடி ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், சிநேகிதரிடம் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உனக்குக் கடமைப்பட்ட அத்தான்,
அபூ லைத்

பின்குறிப்பு: இது சனிக்கிழமை காலை. கடிதத்தைக் கொடுக்க ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கீழே இறங்கினால் பம்ப் அறையில் விளக்கு எரிகிறது. உள்ளே அபூ மர்வான், பைஜாமாவோடு, கையில் இன்னொரு சாவி, வால்வு திறந்திருக்கிறது, தண்ணீர் இரைகிறது. "என்ன அபூ மர்வான் இது?" என்றேன். "ஒண்ணுமில்ல, சும்மா, சத்தம் கேட்டுது" என்று தடுமாறினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி இலாகாவுல நம்ம தெரு நாள சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க, அபூ லைத். அஞ்சு வாரமாச்சு. நம்ம கட்டட கேட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க, நான்தான் கிழிச்சேன். அன்னிக்குத்தான் நீங்க கெனாஃபே தட்டோட என் வாசல்ல நின்னீங்க. அந்த மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்றது? உங்க வீட்டம்மாதான் சாவிய நகல் எடுத்துக் குடுத்தாங்க." ஆறு வீட்டுக்கும் தெரியுமாம். செவ்வாய் அன்று காய்ந்த துணியெல்லாம் சனிக்கிழமையே துவைத்ததாம், எனக்காக மறுபடி நனைத்துக் காயப்போட்டார்களாம்.

மேலே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்றை அழித்து, சனிக்கிழமைக்கான ஐந்தைப் போட்டேன். செய்தியையும் மாற்றினேன்: "அண்டை வீட்டாரே, இன்று சனிக்கிழமை, தண்ணீர் நாள். அடுத்த வாரம் முதல் அபூ மர்வான் தூங்கட்டும், வால்வை நான் திறக்கிறேன்." ஓடவிட்டேன். எரர் வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் அவர் மூச்சிரைக்க ஏறி வந்து நகல் சாவியை நீட்டினார். "இனிமே இது எனக்கெதுக்கு, வாங்கிக்குங்க" என்றார். நான் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க. பைதானுக்கு நான் சொன்ன நாள் மட்டுந்தான் தெரியும். நாள் மாறினா உங்களுக்குத்தானே தெரியும்" என்றேன். உன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போயிருக்கிறாள்.

ஆகவே ஸுஹைர், மேலே எழுதியிருக்கும் பெருமையையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நன்றியை அடிக்காதே. அதைப் பங்கு போட்டுக்கொள்ள ஆட்கள்தான் கூடியிருக்கிறார்கள்.