சுவர்தட்டியும் எங்கள் குருமனை ஓட்டையும்

"இந்த ஓட்டை எந்த நூற்றாண்டு, சொல்லு பார்ப்போம்?" என்று என் அப்பாவின் படுக்கையறைச் சுவரைத் தட்டியபடி கேட்டார், அழைக்காமல் வந்த விருந்தாளி மெர்வின் ஸ்டப்ஸ்.

சுவர்தட்டி என்றொரு இனம் உண்டு, வாசகரே. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், போதகர் குடியிருக்கும் பழைய குருமனை எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் அது வரும். அழைக்காமல் வரும், காலணியைத் துடைக்கும் முன்பே சுவரைத் தட்டிக் காதை ஒட்டவைக்கும், உத்தரத்தை முகர்ந்து, படிகளை எண்ணி, நம் கேக்கில் இரண்டு துண்டை முடித்துவிட்டு, "முன்பக்கம் ஜார்ஜ் மன்னர் காலம், பின்பக்கம் அதுக்கு முன்னூறு வருஷம் மூத்தது" என்று தீர்ப்புச் சொல்லும். உள்ளே மனிதர்கள் குளிரில் நடுங்குகிறார்களா? அது அதற்கு எதற்கு?

என் அப்பாதான் ஊர்ப் போதகர். அவர் தலைமாட்டுச் சுவரில் முட்டையளவு ஓட்டை. அக்டோபரிலிருந்து காற்று அதன் வழியே நேராக அவர் தொண்டைக்குள் போனது. கிறிஸ்துமஸ் பிரசங்கத்துக்குக் குரல் மிஞ்சுமா என்பதே எங்கள் கவலை.

"ஒரு கை சுண்ணாம்புதானே, அடைச்சிடுறேன்" என்றார் அப்பா.

"ஐயோ போதகரே! அந்தக் காலத்துப் போதகர் படுத்துக்கிட்டே சர்ச் விளக்கைப் பார்க்க வச்ச ஓட்டை இது. அடைச்சா வரலாறே மூச்சு முட்டிச் செத்துடும்!"

"அதுக்குள்ள நான் செத்துடுவேன் போலிருக்கே, மெர்வின்."

"நீங்க போனா வேற போதகர் வருவாரு. வேற ஓட்டை வருமா?"

அப்பா கழுத்துக்குட்டையை இறுக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் விருந்தாளியை மறுத்துப் பேசுவதைவிட நிமோனியா மரியாதையானது.

டிசம்பரில் கூரையைப் பழுதுபார்க்க வந்த கொத்தனார் நார்மன் பில்சன், ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டப்ஸும் அங்கேதான் இருந்தார்.

"அட, இது இன்னும் இருக்கா! எழுபத்திமூணுல அப்பயிருந்த போதகருக்கு டிவி ஆன்டெனா வயர் விட நான்தான் துளைச்சேன். கிரிக்கெட் பாக்கத் துடிச்சாரு மனுஷன். ஓட்டை கொஞ்சம் பெரிசாப் போச்சு. அவரு மரியாதைக்கு ஒண்ணும் சொல்லல."

ஸ்டப்ஸ் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அவர் சுவரை மறுபடி தட்டினார்.

"கிரிக்கெட்டுக்காகத் துளைச்ச ஒரே குருமனை! இதை அடைக்கவே கூடாது."

அப்பா தலையாட்டினார்.

கிறிஸ்துமஸ் அன்று பிரசங்கம் வெறும் காற்றாக வந்தது. முன்வரிசையில் ஸ்டப்ஸ் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதுதான் தெளிவாகக் கேட்டது: "குரல்ல ஒண்ணும் குறையில்ல. இந்த சர்ச் கூரைதான் சரியில்ல, விக்டோரியா காலத்து வேலை."

இதை நாலு வீட்டில் சொல்லுங்கள். ஆனால் கதவு திறக்கும்வரை உங்கள் விரல்கள் சுவரைத் தட்டாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.